கணியம்பாடியின் ஏடுகள்: ஒரு மருத்துவக் கல்லூரியின் ஊர்ப்பணி குறித்த நிகழ்வு ஆய்வு

"எங்கள் கல்லூரி தத்தெடுத்த கிராமம்" என்று எழுதிய பலகைகள் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் நிறையவே நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் கல்லூரியின் பெயர் வெயிலிலும் மழையிலும் கரைந்துபோய், ஊரின் பெயர் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பலகை நட்ட ஆண்டுக்குப் பிறகு அந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் அதே ஊருக்கு, அதே தெருவுக்கு, அதே வீட்டுக்கு மீண்டும் வந்திருப்பார்கள் என்ற கேள்வியே இந்த ஆய்வுக்குத் தூண்டுதல்.

கல்லூரிகள் கிராமங்களுக்குச் செல்வது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 1977-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் அடுத்த மூன்றாவது கடமையாக விரிவாக்கப் பணியை ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முகாம்கள் நடந்து வருகின்றன. நானும் மாணவனாக இருந்தபோது அப்படியொரு ஏழு நாள் முகாமில் கலந்துகொண்டேன். ஏரிக்கரையில் வேம்பும் புங்கமும் நட்டோம், கண் பரிசோதனை நடத்தினோம், கடைசி நாள் மாலை ஊர்வலம் போய் விடைபெற்றோம். அடுத்த ஆண்டு எங்கள் கல்லூரி வேறோர் ஊரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வழியாகச் செல்ல நேர்ந்தபோது, கன்றுகளைச் சுற்றி நாங்கள் கட்டிய முள்வேலி மட்டுமே அங்கு இருந்தது. கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டை ஒரு பாட்டி தம் சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டி, "இத எங்க தம்பி குடுக்கணும்?" என்று கேட்டார். நாங்கள் யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சீட்டை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதனால்தான், ஒரே வட்டாரத்தை விட்டு அகலாமல் பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்த ஒரு கல்லூரியின் பணியை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடக்கிறது, எதைக் கண்டறிந்தது, எங்கே தடுமாறக்கூடும் என்று பார்க்க விரும்பினேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நகருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி ஒன்றியத்தில் செய்துவரும் சமுதாய நலப்பணியே அந்த நிகழ்வு.

மரத்தடியிலிருந்து ஒன்றியம் வரை

இக்கல்லூரியின் தொடக்கம் பலரும் அறிந்த கதை. 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சை தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர், நோயாளிகள் தம்மிடம் வருவதற்காகக் காத்திராமல் தாமே அவர்களிடம் செல்லத் தொடங்கினார். குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் சென்று, மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, அங்கே கூடியிருந்தவர்களுக்குப் புண் கட்டி, மருந்து கொடுத்து வந்தார். 1909-இல் வந்து சேர்ந்த பெஜோ மோட்டார் வண்டி இந்தப் பயணத்தை விரைவாக்கியது. இவ்வழக்கத்தில் எனக்கு முக்கியமாகப்படுவது வண்டியன்று. குறித்த கிழமையில், குறித்த மரத்தடிக்கு மருத்துவர் வருவார் என்று ஊர் நம்பியதே முக்கியம். நாள்பட்ட புண்ணுக்கும் தொழுநோய்க்கும் ஒருமுறை மருந்து கொடுப்பதால் பயனில்லை என்பதால், அடுத்த வாரமும் அதே இடத்துக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை நோயே உண்டாக்கியது.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1942-இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்த இந்நிறுவனம், 1950-களில் பாகாயம் வளாகத்தை ஒட்டி ஊரக நலப்பணிக்கென ஒரு மையத்தை அமைத்தது. இன்று அந்தப் பகுதி மக்கள் "சாட் ஆஸ்பத்திரி" என்று சுருக்கமாக அழைக்கும் சமுதாய நல மருத்துவமனை அதன் வளர்ச்சியே. ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் கணியம்பாடி ஒன்றியம் அதன் பணிக்களமாயிற்று. 1977-இல் மருத்துவர் தலீப் முகர்ஜியின் தலைமையில், வேலூருக்கு மேற்கே கே.வி. குப்பம் ஒன்றியத்தில் "ரூசா" என்னும் மற்றொரு பிரிவும் தொடங்கப்பட்டது. மருத்துவத்தோடு கால்நடை வளர்ப்பு, தொழிற்பயிற்சி, மகளிர் குழுக்கள் ஆகியவற்றையும் சேர்த்தே செய்வதென்று அது தொடக்கத்திலேயே முடிவு செய்தது. நோயும் வறுமையும் ஒரே வீட்டில் வாழும்போது ஒன்றை மட்டும் விரட்ட முயல்வது வீண் என்பதே அந்த முடிவுக்கான காரணம். ரூசாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும் என்பதால், இங்கே கணியம்பாடியோடு நிற்கிறேன்.

நான்கு படிகள்

கணியம்பாடிப் பணியின் முதுகெலும்பு ஒரு தகவல் ஏடு. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊரைச் சேர்ந்த பெண் ஒருவர் பகுதிநேர நலப் பணியாளராக இருக்கிறார். பெரும்பாலும் திருமணமாகி அங்கேயே குடும்பம் நடத்துபவர் என்பதால் அவர் வேலைக்காக வெளியூர் போய்விடுவதில்லை. ஊரில் சிலருக்கு அவர் அக்கா, சிலருக்குச் சித்தி, சிலருக்கு மருமகள். எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்த வீட்டில் கிழவர் இரண்டு நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை, யார் வீட்டுப் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தண்ணீர்க் குழாயடியிலேயே தெரிந்துவிடும். கருவுறுதல், பிறப்பு, இறப்பு, திருமணம், ஊர் மாறுதல், பெரிய நோய் ஆகியவற்றை அவர் தம் ஏட்டில் பதிந்து வாரந்தோறும் தெரிவிக்கிறார்.

இரண்டாம் படியில், பல ஊர்களுக்குப் பொறுப்பான நல உதவியாளர் அந்தப் பதிவுகளை வீட்டுக்குச் சென்று சரிபார்க்கிறார். மூன்றாம் படியில் பொது நலச் செவிலியர் அதையே மீண்டும் சரிபார்க்கிறார். நான்காம் படியில் மருத்துவர் இருக்கிறார். செவிலியரும் மருத்துவரும் நடமாடும் மருத்துவப் பிரிவோடு முறைவைத்து ஊருக்கு வரும்போது, ஏட்டிலிருக்கும் கருவுற்ற பெண்கள், எடை குறைந்த குழந்தைகள், தொடர் மருந்து தேவைப்படுபவர்கள் ஆகியோரைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கிறார்கள். வராதவர் வீட்டுக்குப் பணியாளர் போகிறார். 1980-களின் நடுவிலிருந்து இந்தப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டு வருகின்றன. இந்தியாவின் கிராமப்புற ஒன்றியம் ஒன்றைப் பற்றி அக்காலத்திலேயே இத்தனை முழுமையான பதிவு உருவானது அரிய செய்தி.

இது வெறும் அலுவலக ஒழுங்கு என்று தோன்றலாம். ஆனால் நான் முன்பு சொன்ன பாட்டியின் சீட்டை இதனோடு வைத்துப் பாருங்கள். கணியம்பாடி முறையில் அந்தச் சீட்டு நோயாளியின் சுருக்குப்பையில் தூங்கியிருக்காது. அதன் மறுபாதி ஏட்டில் இருந்திருக்கும். அறுவைச் சிகிச்சை நடக்கும்வரை அந்தப் பெயர் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கும். முகாமுக்கும் பணிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியவில்லை.

இம்முறையில் ஊர்ப் பெண்ணே முதல் படி என்பதையும் கவனிக்க வேண்டும். படித்த மாணவர்களால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. கருக்கலைந்த செய்தியையோ, குடித்துவிட்டு வரும் கணவன் அடித்த காயத்தையோ, காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தியதையோ வெளியூரிலிருந்து வந்த இருபது வயதுப் பிள்ளையிடம் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் முதல் ஆள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்தான்.

மாணவர் இடம்

அப்படியென்றால் மாணவர்களுக்கு இதில் என்ன வேலை? வேலூரில் முதலாண்டு மாணவர்கள், மருத்துவம் இன்னும் தெரியாத நிலையிலேயே, ஒரு கிராமத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு சில வாரங்கள் அங்கே செலவிடுகிறார்கள். வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமையல் எதில் நடக்கிறது, யார் என்ன கூலிக்குப் போகிறார்கள் என்று கேட்டறிவது, கேட்டவற்றைத் தொகுத்துக் கணக்கிடுவது ஆகியவையே அவர்களது வேலை. அடுத்த ஆண்டுகளிலும் சமுதாய நலப் பயிற்சிக்காக அவர்கள் ஊர்களுக்குத் திரும்புகிறார்கள்.

மாணவர்கள் அங்கே ஊரைத் திருத்தப் போகவில்லை, கற்கப் போகிறார்கள். இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது நேர்மையான தொடக்கம் என்று கருதுகிறேன். "கிராம மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினோம்" என்று அறிக்கை எழுதும் நம் வழக்கத்தில், அறிவு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பாய்கிறது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கத் தெரிந்த தாயிடம் போய் அதையே பாடமாக நடத்திவிட்டு வரும் மாணவர், அந்தத் தாய் ஏன் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவில்லை என்று கேட்டிருந்தால், மாலை ஐந்து மணிக்கு மேல் பேருந்து இல்லை என்ற பதிலையாவது கற்றிருப்பார். அந்தப் பதில் எந்தப் பாடநூலிலும் இல்லை. வீட்டிலேயே கரைசல் கொடுப்பதா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று நள்ளிரவில் முடிவெடுக்க வேண்டியவர் அந்தத் தாய்தான் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

ஏடு சொன்ன துயரம்

இந்தப் பணியின் மிகக் கனமான பகுதிக்கு வருகிறேன். பிறப்பையும் தடுப்பூசியையும் கண்காணிப்பதற்காகத் தொடங்கிய ஏடு, யாரும் எதிர்பாராத ஒன்றை வெளிக்கொண்டுவந்தது.

கணியம்பாடியில் ஒருவர் இறந்தால், அந்தச் செய்தி ஏட்டில் பதிவாவதோடு நிற்பதில்லை. பயிற்சி பெற்றவர்கள் அந்த வீட்டுக்குச் சென்று, குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி, இறப்புக்கு முந்தைய நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டு, காரணத்தை முடிவு செய்கிறார்கள். வாய்மொழி இறப்பாய்வு என்பது இம்முறையின் பெயர். 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளை இவ்வாறு ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், தற்கொலையால் இறந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 95 பேர் என்று கண்டார்கள். காவல்துறைப் பதிவுகளின் அடிப்படையில் அக்காலத்தில் நாடு முழுமைக்கும் சொல்லப்பட்ட விகிதம் ஏறத்தாழ 11 மட்டுமே. ஒன்றியத்தின் மொத்த இறப்புகளில் 8 முதல் 12 சதவீதம்வரை தற்கொலைகள்.

அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாவது கட்டுரை, 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களின் இறப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த வயதுப் பெண்பிள்ளைகளிடையே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148. ஆண்பிள்ளைகளிடையே 58. அந்த வயதில் இறந்த பெண்பிள்ளைகளில் பாதி முதல் முக்கால் பங்குவரை இவ்வாறு இறந்தவர்கள். இந்த வரியைப் படித்தபின் அதைச் சாதாரண புள்ளிவிவரமாகக் கடந்துபோக எனக்கு முடியவில்லை.

கணியம்பாடி மற்ற ஒன்றியங்களைவிடத் துயரம் மிகுந்த இடம் என்று இதிலிருந்து முடிவு செய்வது அவசரம். மற்ற இடங்களில் யாரும் இவ்வளவு பொறுமையாக எண்ணவில்லை என்பதே முதலில் நினைவில் கொள்ள வேண்டிய விளக்கம். தற்கொலை முயற்சி அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையம், பிணக்கூராய்வு, ஊர்ப் பேச்சு, தங்கைக்கு வரன் பார்ப்பதில் வரக்கூடிய தடை ஆகிய அச்சங்களால் குடும்பங்கள் "வயிற்று வலி" என்றோ "தவறி விழுந்தது" என்றோ சொல்லிவிடும். கணியம்பாடியில் ஒரு குடும்பம் உண்மையைச் சொன்னது ஓர் அதிகாரியிடமன்று. தன் குழந்தைக்கு எடை பார்த்தவரும், மூத்த மகளின் பிரசவத்துக்கு உடன் வந்தவருமான பெண்ணின் வழியாக அது வெளிவந்தது. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த ஒருவர்மீது ஏற்பட்ட நம்பிக்கையே இந்த எண்களின் அடித்தளம். ஏழு நாள் முகாமில் எந்தக் கணக்கெடுப்பும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

எண்ணிக்கை தெரிந்தபின் காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. அதே ஒன்றியத்தில் தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்வை, அதே சூழலில் வாழும் மற்றவர்களின் வாழ்வோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வு, இறந்தவர்களில் 37 சதவீதத்தினருக்கே மனநோய் என்று வரையறுக்கத்தக்க நிலை இருந்ததாகக் கண்டது. ஓயாத நெருக்கடியும் தீராத உடல் வலியும் அபாயத்தைக் கூட்டின. தனித்து வாழ்வதும், நெருங்கிய உறவு ஒன்று அண்மையில் முறிந்திருப்பதும் அவ்வாறே. மனநல மருத்துவரை ஊருக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்களை இந்த முடிவு நிறுத்தி யோசிக்க வைக்கும். முழங்கால் வலியோடு பத்து ஆண்டுகள் தனியாகக் கிடக்கும் முதியவருக்கு வலி மாத்திரை வேண்டும். அதோடு, தினமும் ஒருவர் வந்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதும் வேண்டும். கடன் சுமையில் இருப்பவருக்குத் தேவைப்படுவது இரண்டையும்விட வேறு.

அடுத்ததாக, கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் பூச்சிக்கொல்லி. கணநேரக் கோபத்திலும் அவமானத்திலும் எடுக்கும் முடிவு உயிரையே பறித்துவிடுவதற்கு, நிலத்துக்கு வாங்கிய மருந்து வீட்டுக்குள் இருப்பதே பெருங்காரணம் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட உண்மை. காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவைச் சேர்ந்தவர்கள், பூச்சிக்கொல்லியை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது இந்தப் புரிதலால்தான். நிலத்தில் நஞ்சு குறைந்தால் மண்ணுக்கு நல்லது என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். வீட்டில் நஞ்சு குறைந்தால் ஒரு பிள்ளை பிழைக்கும் என்ற செய்தியையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நீடித்த வேளாண்மையும் நலப்பணியும் ஒன்றாகும் இடம் இது. மன உளைச்சலில் இருப்பவர்கள் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், 14416 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம் என்பதை ஊர்ப்பணிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

உணவும் தண்ணீரும்

ஊர்களின் நோய்களிலும் ஒரு மாற்றம் மெல்ல வந்தது. 1991–94-இலும் பின்னர் 2010–12-இலும் வேலூர் நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரே வகையில் நடத்திய கணக்கெடுப்புகளை ஒப்பிட்டபோது, சர்க்கரை நோய் நகரத்தில் ஏறத்தாழ இரு மடங்காகவும் கிராமத்தில் மும்மடங்காகவும் உயர்ந்திருந்தது. கிராமம் என்றால் உடலுழைப்பு, கேழ்வரகுக் களி, நல்ல காற்று என்ற பழைய படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நலத்திட்டம் வகுத்தால் அது தவறும். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவரும் ஏர் பிடித்தவரும் இன்று மோட்டாரும் டிராக்டரும் வைத்திருக்கிறார்கள். களியின் இடத்தில் மூன்று வேளையும் தீட்டிய அரிசி வந்துவிட்டது. ஊட்டக்குறைவான குழந்தையும் சர்க்கரை நோயுள்ள பாட்டியும் ஒரே வீட்டில் இருப்பதை இருபது ஆண்டு இடைவெளியில் திரும்பிவந்து எண்ணியவர்களால்தான் காண முடிந்தது.

தண்ணீர் விஷயத்தில் இக்கல்லூரி ஆய்வாளர்களின் சிறிய முயற்சி ஒன்று எனக்குப் பிடித்தமானது. தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிப் பல மணிநேரம் வெயிலில் வைத்தால், சூரியனின் புறஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து கிருமிகளை அழிக்கும். விறகும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், வேலூர் வெயிலுக்குப் பஞ்சமுமில்லை. 100 குழந்தைகளுக்கு இத்தண்ணீரைக் கொடுத்து, கொடுக்காத 100 குழந்தைகளோடு ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது தெரிந்தது. அந்தக் குழந்தைகளில் 86 சதவீதத்தினர் வெளியில் வேறு தண்ணீரையும் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். குழந்தை பக்கத்து வீட்டிலும் பள்ளியிலும் குடிக்கும், விளையாடும் இடத்தில் குழாயில் வாய் வைக்கும். ஒரு வீட்டைத் திருத்துவதால் மட்டும் அக்குழந்தை காக்கப்படுவதில்லை.

கழிப்பறை கட்டும் பணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்து 2014-இல் வெளியான பெரும் ஆய்வில், திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறையுள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. கட்டிய கழிப்பறைகளின் எண்ணிக்கையோடு அறிக்கையை முடித்துக்கொள்ளும் கல்லூரிகள், ஆறு மாதம் கழித்துச் சென்று அதற்குள் விறகு அடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஏன் பயன்படுத்தவில்லை என்று பெண்களிடம் கேட்டால், தண்ணீரை அரை மைல் தூரத்திலிருந்து தூக்கி வர வேண்டும் என்பதில் தொடங்கி நியாயமான பல பதில்கள் வரும்.

வேலூர்ப் பகுதியில் தண்ணீர் என்று பேசினால் பாலாற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அந்த ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அவ்வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். ஊர்ப்பணி என்பது வீட்டுப் பழக்கங்களைத் திருத்துவது மட்டுமே என்று கருதும் கல்லூரி, ஊர்க் கிணற்றைக் கெடுத்தவர் வீட்டுக்கு வெளியே இருக்கும்போது பேச்சற்றுப் போகும். கை கழுவச் சொல்லும்போது, எந்தத் தண்ணீரில் என்று ஊர் திருப்பிக் கேட்டால் அதற்கு விடை வைத்திருக்க வேண்டும்.

இதே கணியம்பாடிப் பகுதியில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதி வறண்டு கிடந்தபோது, ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆற்றுப்படுகையிலும் ஓடைகளிலும் நீர்செறிவுக் கிணறுகளையும் தடுப்பணைகளையும் அமைத்தார்கள். ஒரு தன்னார்வ அமைப்பின் வழிகாட்டுதலில் நடந்த அந்த வேலையைக் கல்லூரி தொடங்கவில்லை. அதை இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஊரில் ஏற்கெனவே நடக்கும் நல்ல வேலையைக் கண்டு அதோடு சேர்ந்துகொள்வது பல கல்லூரிகளுக்கு வருவதில்லை. தங்கள் பெயர்ப்பலகையோடு புதிதாக ஒன்றைத் தொடங்கவே விரும்புகிறார்கள். நீர்மட்டம் உயர்ந்ததா என்று கிணறு கிணறாக மாதந்தோறும் அளந்து பதிவு செய்து ஊராட்சிக்குக் கொடுப்பது, ஒரு புவியியல் துறையோ வேதியியல் துறையோ பல ஆண்டுகள் செய்யத்தக்க, ஊருக்குப் பயன்படும் வேலை.

மற்றக் கல்லூரிகளுக்கு இது பொருந்துமா

பொருந்தாது என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. வேலூர்க் கல்லூரிக்குப் பின்னால் பெரிய மருத்துவமனை நிற்கிறது. ஏட்டில் பதிந்த நோயாளியை அனுப்ப இடம் உண்டு, பணியாளருக்கு ஊதியம் கொடுக்க வழி உண்டு. ஒரு கலைக் கல்லூரியின் நாட்டு நலப்பணி அலுவலர், வகுப்பு எடுத்து முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தில் நூறு மாணவர்களோடு இதையெல்லாம் செய்ய முடியாது. இம்முறைக்குள்ளேயே வேறொரு சிக்கலும் உண்டு. நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதால், அரசின் ஆரம்ப சுகாதார நிலையத்தை வலுப்படுத்தச் சொல்லிக் கேட்கும் பழக்கம் ஊரில் குறைந்துவிடக்கூடும். பல பத்தாண்டுகள் ஆய்வுக்கு உட்படும் மக்களுக்கு, தங்களைப் பற்றிக் கண்டறிந்ததைத் தங்கள் மொழியில் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆங்கில இதழில் வெளியான முடிவு கிராமசபையில் வாசிக்கப்படும்வரை அந்த ஆய்வு முடிந்ததாக நான் கருதமாட்டேன். எந்தக் கல்லூரியானாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றியம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கலைக் கல்லூரி ஒரே ஊரில், ஐம்பது வீடுகளை, பத்து ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ள முடியும். மருத்துவ மாணவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் 2021–22 கல்வியாண்டுச் சேர்க்கையிலிருந்து கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இந்தத் திசையில் வைத்த ஓர் அடி. முதலாண்டிலேயே சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, படிப்புக் காலம் முழுவதும் அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த நோக்கம் வருகைப்பதிவேட்டில் கையெழுத்தாகச் சுருங்கிவிடாமல் இருக்க, அந்தக் குடும்பங்களை ஊரின் சுகாதாரச் செவிலியரோடும் மகளிர் குழுத் தன்னார்வலரோடும் சேர்ந்தே பார்க்கும் ஏற்பாடு வேண்டும். மாணவரின் குறிப்பேடு செவிலியரின் பதிவேட்டோடு மாதம் ஒருமுறையாவது ஒத்துப்பார்க்கப்பட வேண்டும்.

என் முகாம் நாட்களை நினைத்தபடி ஒரு பரிந்துரையைச் சேர்க்கிறேன். மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர், தாம் சென்றுவந்த வீடுகளுக்கு அடுத்த ஆண்டு மாணவரை உடன் அழைத்துச் சென்று, "இனிமே இந்தத் தம்பி வருவாரு பாட்டி, உங்க கண் ஆபரேஷன் தேதி இவருகிட்ட இருக்கு" என்று அறிமுகப்படுத்தி, ஏட்டை அந்த வீட்டுத் திண்ணையிலேயே கைமாற்றித் தர வேண்டும். அதற்கென ஒரு நாளைக் கல்லூரி நாட்காட்டியில், தேர்வுத் தேதிகளுக்கு முன்னதாகக் குறித்துவைக்க வேண்டும்.